வேலிக்கு மேலால் வந்தது

பெப்ரவரி 11, புதன். இல்-பிசார்.

பக்கத்து வீட்டு அமெரிக்கர் இன்று வலப்பக்கம் பாய்ந்தார்.

ஒருகாலத்தில் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளராக இருந்தவர். கடைசிப் போட்டியில் இவர் இடப்பக்கம் பாய, பந்து வலப்பக்கத்தால் போய்விட்டதாம். ஓய்வுபெற்று இத்தனை வருடமாகியும், பின்வளவில் இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே நின்று, இல்லாத பந்துக்கு இடப்பக்கமே பாய்வார். பொஸ்டனில் இருக்கும் அவருடைய மகள் அடிக்கடி என்னிடம் விசாரிப்பாள். இந்தக் குழப்பம் முற்றிவிட்டால் சொல்லுங்கள், பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுகிறேன் என்பாள்.

பின்னேரம் நான் பின்வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றேன். அவர் வலப்பக்கம் பாய்ந்து, முழங்கால் உயரப் பனிக்குள் விழுந்து, நெஞ்சோடு எதையோ அணைத்தபடி எழுந்தார். சிரித்தார். வேலியடிக்கு வந்து, கொஞ்சம் பிடி என்று நீட்டினார். மனம் நோகக் கூடாதே என்று நானும் கைகளை நீட்டினேன்.

பாரமாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. வெட்டிய புல் மணத்தது.

அவர் வேலை முடிந்தவர் போல உள்ளே போய்விட்டார்.

என் மனைவி செல்வி கதவைத் திறந்து, "ஏனப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? நோகுதோ?" என்றாள்.

"இல்லை. வாறன்."

சாப்பிட்ட பிறகு அவருடைய மகள் அழைத்தாள். அப்பா நன்றாக இருக்கிறார் என்றேன். அது பொய்யில்லை. என்னைப் பற்றி அவள் கேட்கவில்லை.

செல்வி நித்திரை. வலக்கையால் இதை எழுதுகிறேன். இடக்கை மேசையில் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விட்டால் உருண்டுவிடும்.