ராஜாவுக்கு இரண்டு மூக்கு

லண்டன், 9 ஜூலை 1660

அன்புத் தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதுவது. நார்விச்சில் நீயும் பெண்பிள்ளைகளும் சுகந்தானே? உன் கடைக்குப் படம் செதுக்கித் தந்த என் மகன் டோபியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ராஜா திரும்பி வருகிறார், புதுச் செம்புத் தகடு செதுக்க நேரமில்லை, பழைய தகட்டில் குதிரைமேல் இருக்கிற, ராஜா இல்லாதபோது நாட்டை ஆண்ட தளபதியின் தலையைச் சுரண்டிவிட்டு ராஜா தலையை வை என்று நீதான் சொன்னாய். "மாமா, ஆழமாச் சுரண்டணும், ஒரு வாரமாவது குடுங்க" என்று கெஞ்சினான். "ஊரே படம் கேக்குது, நீ வாரக்கணக்கு சொல்றியா மாப்ளே?" என்று சிரித்தாய். இப்போது அச்சு ஓட ஓட, ராஜாவின் மூக்கோடு தளபதியின் மூக்கும் எழும்பி நிற்கிறது. சாராயக்கடையெல்லாம் சிரிப்பு. ராஜாவைக் கேலி செய்தான் என்று வழக்கு. அவசரப்படுத்தியது நான்தான் என்று நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளை உயிராவது மிஞ்சும்.

உன் அக்கா,
ஹெஸ்டர்


நார்விச், 20 ஜூலை

அன்பு அக்காவுக்கு,

படித்து அழுதேன். ஆனால் யோசித்துப் பார். இந்த ஊரில் ராஜாவை நேரில் கண்டவன் யார்? சுவரில் மாட்டிய காகிதம்தான் இவர்களுக்கு ராஜா. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அப்புறம் யார் பயப்படுவார்கள்? விடமாட்டார்கள். நான் வந்தால் என்னையும் சேர்த்துக் கட்டுவார்கள். டோபி இளவட்டம், தாங்குவான். வேறு ஆளை வைத்துப் புதுப்படம் போட்டுவிட்டேன், நன்றாக ஓடுகிறது.

உன் தம்பி,
ஆம்ப்ரோஸ்


லண்டன், 14 ஆகஸ்ட்

ஆம்ப்ரோஸுக்கு,

டோபி போன செவ்வாய்க்கிழமை செத்துப்போனான்.

சிறையில் ராஜா படத்துக்கு முன்னால் மண்டிபோடச் சொன்னார்களாம். உன் புதுப்படம்தான். போட்டான். போட்டவன் சும்மா இருந்தானா? "இத எவன்டா செதுக்குனான், கழுத்தே காணோம்" என்றிருக்கிறான். தொழில்காரன் வாய். விலா உடைந்துவிட்டது. யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். உன் பெயர் அவன் வாயிலிருந்து வரவில்லை. நான் பார்க்கப் போனபோது, "மாமாவக் காட்டிக் குடுத்துராதம்மா, பொம்பளப் பிள்ளைங்க இருக்கு" என்று என்னிடமும் சத்தியம் வாங்கினான்.

அவன் உயிரோடு இருந்தவரைக்கும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். இன்று காலை அவர்களிடம் போய் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். உன் கடை எந்தத் தெரு என்றும் சொன்னேன். ஆட்கள் புறப்பட்டாயிற்று.

அவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் இது உன் வீட்டுக்கு வரவேண்டும். அதனால் அடுத்த வாரம்தான் தபாலில் போடுவேன்.

ஹெஸ்டர்