கண்ணுச்சாமியை மூன்று முறை கூப்பிட்டார்கள்

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பொய் பேசும் உதடுகளைப் பற்றி உன் அப்பா போன மாதம்தான் ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்திருக்கிறார், அதனால் நான் சுகம், அவர் பாதி சுகம் என்று எழுதுகிறேன். பயப்படாமல் கடைசி வரை படி. போனில் சொல்ல வழியில்லை, நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நல்லா இருக்கோம்னு சொல்லு என்று ஜாடை காட்டுகிறார். கத்தாரில் வெயில் எப்படி, சமைத்துச் சாப்பிடுகிறாயா, அந்த நூடுல்ஸையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். உன் அப்பாவுக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷம் ஆகிறதாம், எனக்கே ஆறு மாதம் முன்புதான் தெரியும். வலது கால் பெருவிரலில் ஷூ கடித்த புண் ஆறவே இல்லை. ஊருக்கெல்லாம் சுகம் கொடுக்கிற பாஸ்டர் இம்மானுவேல் ஐயா டாக்டரிடம் போனார் என்று தெரிந்தால் ஊழியம் என்ன ஆகும் என்று சாக்ஸ் போட்டு மறைத்தார். சித்திரை மாதம், மதுரை வெயில், வீட்டுக்குள்ளும் சாக்ஸ். மேடையில் நொண்டினால், ஐயா முழங்காலில் நின்றே ஜெபிக்கிறார், அதான் கால் நோகுது என்று சபைக்காரர்கள் கண்ணீர் விட்டார்கள். அவரும் மறுக்காமல் தாழ்மையாகத் தலையைக் குனிந்துகொண்டார். கொட்டாம்பட்டியில் மூன்று நாள் சுகமளிக்கும் பெருவிழா என்று போஸ்டர் வேறு ஒட்டியாயிற்று, வெள்ளைக் கோட்டும் மைக்குமாக அவர் படம், அதற்கு மேலே சப்பாணிகள் நடப்பார்கள் என்று கொட்டை எழுத்து. அந்தப் போஸ்டர் முன்னால் ஆட்டோவிலிருந்து இறங்க அவருக்கு என் தோள் வேண்டியிருந்தது.

நான் இப்படிப் பேசுவது உனக்குப் புதிதில்லை. பரவை மார்க்கெட்டில் வெங்காய மூட்டைக்கு ஏலம் கூவிய காலத்திலிருந்தே அந்தக் குரல் எனக்குத் தெரியும், இப்போது அதே குரலில்தான் காய்ச்சலை அதட்டுகிறார். சிவனாண்டி அண்ணனின் இடுப்புப் பிடிப்பு உன் அப்பா ஜெபித்துத்தான் விட்டது என்று இருபத்திரண்டு வருஷமாகச் சபையில் சாட்சி ஓடுகிறது, நான் கொடுத்தனுப்பிய தைலத்தை அவர் மனைவி பாட்டில் காலியாகும் வரை தேய்த்ததை எந்தச் சாட்சியிலும் காணோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் பஸ் ஏறிப் போவார், சாகக் கிடப்பவர் பக்கத்தில் சொந்தக்காரர்களே உட்காராதபோது இவர் உட்காருவார். அதற்காகத்தான் இத்தனை வருஷமும் பொறுத்துப் போகிறேன்.

புண்ணில் வாடை வந்ததும் நான் ஒரே பிடியாக நின்று மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். தொப்பியும் மாஸ்க்குமாக வந்தார், திருடன் கெட்டான் போ. பேர் பதிய ஆதாரைக் கேட்டார்கள், அதில் இன்னும் பழைய கண்ணுச்சாமிதான், ஞானஸ்நானம் எடுத்து இத்தனை வருஷத்தில் மாற்ற நேரமில்லையாம். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, நடுவில் ஒரு கொட்டாவி விட்டு, பழக்க தோஷத்தில் அல்லேலூயா என்றார் பார், அந்தக் குரலுக்கு ஹால் முழுக்கத் திரும்பியது. "ஐயா நமக்காக ஜெபிக்க வந்திருக்காக" என்று கூட்டம் கூடிவிட்டது. மாஸ்க்கைக் கழற்றி வரிசையாகக் கை வைக்க ஆரம்பித்தார். நர்ஸ் வந்து கண்ணுச்சாமி, கண்ணுச்சாமி, கண்ணுச்சாமி யாருங்க என்று மூன்று முறை கூப்பிட்டது. இவர் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு குரலை ஏற்றினார். டாக்டரைப் பார்க்காமலே வீடு வந்தோம், வழியெல்லாம் "இன்னைக்கு எம்புட்டுப் பேரு ஆறுதலா போனாங்க பாத்தியா" என்று எனக்கே பிரசங்கம்.

ஒரு வாரத்தில் விரல் கறுத்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம், மறுபடி அதே கூட்டம், அதே நர்ஸ், கண்ணுச்சாமி யாருங்க. கொட்டாம்பட்டி தங்கப்பொண்ணு என்று ஒரு அம்மா, அவளுக்கும் காலில் கட்டு, அவள் தலையில் இவர் கை இருந்தது. நான் எழுந்து, "இவருதாங்க கண்ணுச்சாமி, இவருக்குத்தான் காலு அழுகுது" என்று சொல்லிவிட்டேன். ஊழியத்தை என் வாயாலேயே முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். உன் அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அந்தத் தங்கப்பொண்ணு அவர் ஷூவைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "அப்ப ஐயாவுக்கு யாரு ஜெபிக்கிறது?" என்றாள். அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, வழுக்கையில் கையை வைத்து, வசனம் ஒன்றும் தெரியாதவள், "ஏசப்பா, எங்களுக்காக இந்த மனுசன் தொண்ட கிழியக் கத்தியிருக்காரு, இவரு காலக் குடுத்துரு" என்றாள். உன் அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்புறம் அவராகவே எழுந்து டாக்டர் அறைக்குப் போனார்.

இரண்டு விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்றார் டாக்டர். பெருவிழாவைத் தள்ளி வைத்தாயிற்று, சபைக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து வார்டை நிரப்புகிறார்கள், யாரும் ஓடிப் போகவில்லை. தங்கப்பொண்ணு ஜெபித்துத்தான் பாஸ்டர் கால் பிழைத்தது என்று இப்போது அவள் வீட்டு வாசலில் ஆள் நிற்கிறார்களாம், உன் அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

நேற்று மத்தியானம் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "அந்தம்மா கை வச்சப்ப மனசுக்கு எம்புட்டு நல்லாருந்துச்சு தெரியுமா மலையம்மா, நான் கை வைக்கிறப்பவும் எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்குமோ?" என்றார். "என்னையக் கேட்டா எனக்கு எப்பிடித் தெரியும், இம்புட்டு வருசத்துல என் தலையில ஒரு நாளு கை வச்சிருக்கீகளா?" என்றேன். வழக்கம்போல் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கி என் தலையில் வைத்தார். ஏலக் குரல் இல்லை, ஒரு வார்த்தைகூட இல்லை. என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவராகக் கையை எடுக்கும் வரை நான் நகரவில்லை.

கர்த்தர் உன்னைப் போகிற இடமெல்லாம் காப்பாராக. அதற்காக நீ சும்மா இருந்துவிடாதே, முப்பது வயதாகிறது, ஒரு தரம் சர்க்கரை பார்த்துவிட்டு எவ்வளவு என்று எனக்குச் சொல். அப்பாவிடம் பேசும்போது காலைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவர் வாயால் சொல்லட்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
மலையம்மாள்