நானாக விட்ட வேலை இல்லை

டாக்குரியா,
கல்கத்தா.
5 செப்டம்பர் 2025

அன்புள்ள ஸ்ரீநாத்துக்கு,

நானும் ஹம்சினியும் சௌக்கியம். மஸ்கட்டில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா? போனில் இதை ஆரம்பித்தாலே விடு, விடு என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படியுங்கள்.

நேற்று உங்கள் அம்மா சென்னையிலிருந்து பேசினார். குழந்தையின் படிப்புக்காக நல்ல வேலையை நீயாகவே விட்டாய், இப்போது பொழுது போக ஏதோ சின்ன வேலை கிடைத்திருக்கிறதாமே, சந்தோஷம் என்றார். ஹம்சினி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை இல்லாமல் பத்து மாசம் நான் இருந்த இருப்பைப் பார்த்த பெண். அப்பாவா பாட்டியிடம் இப்படிச் சொன்னார் என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தெரிந்த கதையை உங்களுக்கே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த மூன்று மாதிரிகளில் கிருமி வளர்ந்திருந்தது. தியேட்டரை மூடச் சொன்னேன். நிர்வாகத்தில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட்டை மாற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். மறுநாள் என் ராஜினாமாவை அவர்களே டைப் அடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் ஒழுங்கீனம் என்று எழுதி அனுப்புவோம் என்றார்கள். பதினெட்டு வருஷம் உழைத்த லேப். திருடியைக் கொண்டுவிடுகிற மாதிரி செக்யூரிட்டிக்காரன் கேட் வரை கூடவே வந்தான். கையெழுத்துப் போட்டேனே என்று என் மேலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? வெளியே சொல்லாதே, மானம் போகும், குழந்தைக்காக விட்டதாகச் சொல் என்றீர்கள். நானும் கேட்டேன். ஆறு இண்டர்வியூவில் அதையே ஒப்பித்தேன். அப்படியானால் வீட்டையே பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருத்தர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்காமல் அனுப்பினார்கள்.

ஏழாவது, காளிகாட் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் மிதாலி கோஷும் பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று அதே கேள்வியைக் கேட்டபோது எனக்கு அலுத்துப்போயிருந்தது. உண்மையைக் கொட்டிவிட்டேன். நாங்கள் மாற்றச் சொன்னாலும் மறுப்பீர்களா என்றார். மறுப்பேன் என்றேன். திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார்.

சின்ன வேலையாம்! தொற்றுத் தடுப்புப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. போன வாரம் இங்கேயும் ஒரு தியேட்டரை இரண்டு நாள் மூடினேன். சர்ஜன்கள் கத்தினார்கள். பிரியம்வதா சொன்னால் மூட வேண்டியதுதான் என்று டாக்டர் மிதாலி முடித்துவிட்டார். பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அந்த மாதிரி ஒரு வார்த்தையை நான் உங்களிடம்தான் எதிர்பார்த்தேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். பொய் எழுத மாட்டேன் என்றதால் அவளைத் துரத்தினார்கள், அவளே தேடி வேறு வேலையில் சேர்ந்தாள் என்று சொல்லுங்கள். நானே சொல்லலாம், ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அது உங்கள் வாயால் வர வேண்டும். ஹம்சினிக்கும் அது தெரிய வேண்டும்.

பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். துர்கா பூஜைக்கு வருவதாகச் சொன்னீர்கள். முதலில் அம்மாவிடம் பேசுங்கள். டிக்கெட்டை அதற்கப்புறம் போடுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
பிரியம்வதா