சிவப்பாக வந்த அழைப்பு

கும்மிடிப்பூண்டி
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின்

கர்த்தருக்குள் என் அருமை மகள் ஷைனிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். உன் தையல் ஆறிவிட்டதா, நொய்டாவில் குளிர் விட்டதா, கனமான டிரே எதையும் தூக்காமல் இருக்கிறாயா என்று தெரியப்படுத்து. கையில் போன் இருக்க காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் அப்பா பேச்சை எடுத்ததும் உனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிடுகிறது. காகிதம் அப்படியில்லை. பிடிக்கவில்லை என்று மடித்துப் போட்டாலும் உன் பெட்டியிலேயே கிடக்கும், என்றைக்காவது எடுத்துப் படிப்பாய்.

இங்கே எல்லாம் பழையபடிதான். சிப்காட் கரித்தூள் துவைத்த துணியைத் தேடி வந்து உட்காருகிறது. தேர்வாய் கண்டிகை கேன்டீனில் என்னை சாம்பார் அண்டாவிலிருந்து சப்பாத்தி மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். அது போடும் சப்பாத்தியைப் பார்த்தால் நீ சிரிப்பாய். போனை இன்னமும் கேட்டில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். உனக்கு முடியாமல் போன அன்றைக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் என் போன் அடித்திருக்கிறது. வெளியே வந்து பார்த்தபோது தெரியாத நம்பர், அப்பா காட்டிய வீடியோ பயத்தில் நான் திரும்ப அடிக்கவில்லை. நீ முதலில் என்னைத்தான் கூப்பிட்டாய் என்று உன்னோடு வேலை செய்யும் பூமிகா சொன்னாள். அதை நினைத்தால் அந்த கேட்டைத் தாண்டவே பிடிக்கவில்லை.

ஷைனி, அப்பா செய்தது தப்புதான். இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் நடந்ததில் உனக்குத் தெரியாத பாதி இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

அப்பாவோடு ரோலிங் மில்லில் வேலை செய்யும் அன்பு மாமாவை உனக்குத் தெரியும். தீபாவளிக்கு முன்னால் அவருக்கு ஒரு போன் வந்தது. காலேஜில் படிக்கும் அவர் மகன் குரலே அழுதது. போலீஸ் பிடித்துவிட்டது, உடனே பணம் போட்டால் விட்டுவிடுவார்கள் என்றது. மகன் அந்த நேரம் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். வேப்பம்பட்டில் வீடு வாங்க மாமா சேர்த்தது அத்தனையும் போய்விட்டது. குரலைக்கூட மெஷினில் செய்கிறார்களாம். அன்றிலிருந்து உன் அப்பா தானே சைபர் போலீஸ் ஆகிவிட்டார். வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கை வீடியோ ஒன்று விடாமல் பார்த்து, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கவைப்பார்.

அப்படித்தான் அந்தச் சட்டமும் போட்டார். தெரியாத நம்பரில் நம் வீட்டு ஆள் யாராவது பேசினால், இந்த வருஷம் புது வருஷ ஆராதனையில் அவரவர் பேருக்குத் தட்டிலிருந்து எடுத்த அட்டையில் வந்த வாக்குத்தத்த வசனம் என்ன என்று கேட்க வேண்டும். சொன்னால் நம்மாள், சொல்லாவிட்டால் திருடன். நீ வரமுடியாததால் உனக்காக அவரே கண்ணை மூடி ஜெபித்து ஒரு அட்டை எடுத்தார். அதைப் போட்டோ பிடித்து, சட்டத்தையும் வாய்ஸில் பேசி நம் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். நீ கட்டைவிரல் போட்டாய். பார்க்காமலேயே போட்டிருப்பாய் என்று எனக்கு அப்போதே சந்தேகம். அவரோ அன்று முழுக்க என்னிடம் "பாப்பா பார்த்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ மயங்கி விழுந்து, உன் போன் உங்கள் கம்பெனி லாக்கரிலேயே இருக்க, ஆஸ்பத்திரியிலிருந்து பூமிகா போனில் கூப்பிட்டாய். அந்தப் பிள்ளையின் சிம் முன்னால் லோன் விற்கிறவன் யாரோ வைத்திருந்ததாம். அப்பா போனில் திரை முழுக்கச் சிவப்பாகி, மோசடி அழைப்பாக இருக்கலாம் என்று பெரிதாக எழுதி வந்தது. எடுத்தால் உன் குரல். அழுகை, ஆஸ்பத்திரி, உடனே ஆபரேஷன், பணம் கட்ட வேண்டும். அன்பு மாமாவுக்கு வந்தது மாதிரியே எல்லாம் இருந்தது. வசனம் கேட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வசனம் எங்கே ஞாபகம் வரும்? நீ "அப்பா நான்தாம்ப்பா" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாயாம். அவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு போனை வைத்து, நம்பரையும் பிளாக் போட்டு அடைத்துவிட்டார். உன் போனுக்கு அடித்தபோது நீ எடுக்கவில்லை, ஷிஃப்டில் இருப்பாய் என்று விட்டுவிட்டோம்.

அப்பாவுக்கு என் குரல்கூடத் தெரியவில்லையா என்று என்னிடம் கேட்டாய். தெரிந்தது, கண்ணு. நன்றாகத் தெரிந்தது. என் பிள்ளையின் குரலை எவனோ திருடிக்கொண்டு வந்து அழவைக்கிறான் என்றுதான் அவருக்கு அப்படியொரு ஆத்திரம். அந்நியக் குரலாக இருந்திருந்தால் திட்டாமல் போனை வைத்துவிட்டிருப்பார்.

இந்த போனைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கும் கேட்க நாலு கேள்வி இருக்கிறது. நீ அங்கேதானே வேலை செய்கிறாய், உங்கள் மேனேஜரிடம் சொல். வருஷக்கணக்கில் கம்பி இழுத்துத் தேய்ந்த அப்பா விரலை அந்த போன் விரலாகவே ஒப்புக்கொள்வதில்லை. ஒரு மனுஷரை அடைக்க வேண்டுமென்றால் கட்டைவிரல் அகலத்துக்குப் பொத்தான் வைத்திருக்கிறான். திறக்க வேண்டுமென்றால் எங்கே போய்த் தேடுவது? பூமிகா அதற்கப்புறம் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் பாவம், அவளே கையெழுத்துப் போட்டு, அவளே பணமும் கட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

இதற்குமேல் உனக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் அப்பா எழுந்து சாட்சி சொன்னார். பிசாசு என் மகள் குரலில் வந்தது, கர்த்தர் என்னைத் தப்புவித்தார் என்று சொல்லி, கேட்ட வசனத்தையும், கொடுத்த திட்டையும் ஒன்று விடாமல் சொன்னார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்பு மாமா கைதட்டினார். நானும்தான் ஸ்தோத்திரம் சொன்னேன். கூட்டம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருக்கும்போது என் போனில் பூமிகா அனுப்பிய போட்டோ வந்தது. நீ கையில் குளுக்கோஸ் ஊசியோடு கட்டிலில் படுத்திருந்தாய்.

அப்பா அதைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், நான் சொன்ன சாட்சி பொய், அது என் பிள்ளைதான் என்று சொன்னார். பிறகு செருப்புகூடப் போடாமல் ஹேமநாத்தின் மொபைல் கடைக்குப் போய் அந்த அடைப்பை எடுக்கச் சொன்னார். எடுத்த கையோடு கூப்பிட்டார். பூமிகாதான் எடுத்தாள். பேச மாட்டேன் என்று நீ பக்கத்திலிருந்து சொன்னது அவர் காதில் விழுந்தது. இப்போது அவர் நம்பரை நீ அடைத்து வைத்திருக்கிறாய். தினமும் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்.

எனக்கு இப்போது பயமே வேறு. அப்பா எந்த அழைப்பையும் விடுவதில்லை, ஷைனி. சிவப்பாக வந்தாலும் எடுக்கிறார். லோன் வேண்டுமா என்கிறவனிடமும், லாட்டரி விழுந்தது என்கிறவளிடமும், யாரும்மா, நல்லா கேக்கல, பொறுமையா பேசு என்கிறார். நான் திட்டினால், ஒருவேளை பாப்பாவாக இருந்தால் என்கிறார்.

போன புதன்கிழமை அப்படி ஒன்று வந்தது. ஏதோ ஒரு பெண் குரல், "அப்பா" என்று அழுதது. விபத்து, பணம் என்றது. உன் குரல் மாதிரிகூட இல்லை. நான் பக்கத்தில் நின்று வசனம் கேளுங்கள், வசனம் கேளுங்கள் என்று கை காட்டினேன். அவர் கேட்கவில்லை. ஹேமநாத் கடைக்குப் போய்ப் பணத்தை அனுப்பிவிட்டே வந்தார். எவ்வளவு என்று எழுத மாட்டேன், அது போகட்டும். புத்தி கெட்டுப்போச்சா என்று கத்தினேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஷைனி இல்லன்னு தெரியும் விக்டோரியா. அப்பான்னு அழுதுக்கினு கீது. இன்னொரு வாட்டி போனை வைக்க என்னால முடியல."

ஈஸ்டருக்கு வா என்று கேட்கமாட்டேன். உடம்பு தேறட்டும், லீவும் கிடைக்காது. மன்னித்துவிடு என்றும் சொல்லமாட்டேன், அது உனக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது. அன்று உனக்காக எடுத்த வசன அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அப்பா அதைப் போன் உறைக்குள் வைத்திருந்தார். அவருக்குத் தெரியாமல் எடுத்தேன். படித்துவிட்டு உன் தலையணைக்கடியில் வைத்துக்கொள். அதை அவரிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. அவர் இனி யாரிடமும் வசனம் கேட்கப்போவதில்லை. யாராவது அப்பா என்றால் அவருக்குப் போதும். அந்த வார்த்தையை எவளெவளோ அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஷைனி. நீ ஒரு தடவை சொல்லிவிடு.

கர்த்தர் உன் வயிற்றுத் தழும்பையும் மனதுத் தழும்பையும் சேர்த்தே ஆற்றட்டும்.

உன் குரலுக்காக இரண்டு போனையும் பக்கத்தில் வைத்திருக்கும்
அம்மா
விக்டோரியா ராஜமாணிக்கம்