எலிசாள் கட்டிய ஏத்தன் வாழை

மே 4, ஞாயிறு
ஓர் எழுத்து பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழுகிறது. ஒரு வரி முடிவதற்குள் விரல் கடுக்கிறது. பிற்பாடு இதை வாசிக்கிற நானே பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபது தாண்டி எழுதப் பழகிய தாசையன் கை இதுதான். ஆனாலும் எழுதுகிறேன்!

என் பெண்டாட்டி எலிசாளும் மற்றப் பெண்களும் குழுவாகப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த வயலில் ஏத்தன் வாழை, அந்த நேந்திரன், குலை தள்ளிவிட்டது. போன வருஷம் ஒரே காற்றில் எல்லாம் படுத்தது. இந்த ஓணச் சந்தைக்கும் விற்கக் குலை இல்லையென்றால் குழு கலைந்துவிடும். குழுவிலுள்ள கிருஷ்ணவேணிக்குப் புருஷன் இல்லை. இந்த வயலை விட்டால் வேறு வழியும் இல்லை.

மே 7
வாழைக்குக் கம்பு முட்டுக் கொடுப்பது இனி வேண்டாமாம். ஒவ்வொரு வாழையின் கழுத்திலும் நாடா கட்டி, பக்கத்து வாழைகளின் அடியில் இழுத்துக் கட்ட வேண்டுமாம். எலிசாள் கிருஷிபவனில், வேளாண்மை ஆபீசில், கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் சிரித்தேன். "சிரிங்க. காத்து வரட்டும், அப்பவும் சிரிப்பியளான்னு பாக்கேன்" என்றாள்.

மே 11, ஞாயிறு
ஓர வரிசைக்குப் பிடிமானம் இல்லை. கட்டுவதற்குக் குற்றி அடித்தாலும் சேற்றில் நிற்காது. பக்கத்து வயல் தாணுவின் வாழை அடியில்தான் கட்ட வேண்டும். அவர் சம்மதிக்கவில்லை.
"உங்க வாழை விழும்போ என்னதையும் இழுத்துட்டுப் போவும், அண்ணாச்சி."
எலிசாள் முந்திக்கொண்டாள்.
"உங்க ஓர வரிசையையும் நாங்களே கட்டித் தாறோம். உங்க வாழை விழுந்துதுன்னா எங்க குலைய வெட்டி எடுத்துக்கிடுங்க."
கிருஷ்ணவேணி பயந்துபோய் அவள் முந்தானையை இழுத்தாள். எனக்கும் பயம்தான். அந்த ஒரு வரிசைக்கு மட்டும் தாணு தலையாட்டினார்.

மே 25
காற்று. மழை. கர்த்தாவே, எங்க வாழை.

மே 26
நிக்குது! எல்லாம் நிக்குது! மூலையில் சிலது சாய்ந்தது, ஆனால் முறியவில்லை. தாணுவின் ஓர வரிசையும் நிற்கிறது. அவர் வயலுக்குள்ளே கம்பு முட்டுக் கொடுத்ததில் பாதி, கம்போடு படுத்துவிட்டது. அவர் வரப்பில் நின்ற நிலையைப் பார்க்க முடியவில்லை. எலிசாளோ ஒன்றும் நடக்காததுபோலத் தளர்ந்த நாடாக்களை இறுக்கிக்கொண்டிருந்தாள். என் பெண்டாட்டி! வழியில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 2
தாணு வந்தார். மிஞ்சின வாழையையும் கட்ட வேண்டும், தன்னையும் குழுவில் சேர்க்க வேண்டும் என்றார்.
"இது பெண்ணுங்க குழு. வேணும்னா உங்க வீட்டம்மாவ அனுப்புங்க" என்றாள் எலிசாள்.
"அவளா? அவ வயல்ல எல்லாம் எறங்கமாட்டா."
அவர் பின்னாலேயே வந்து நின்ற அவர் மனைவி சரஸ்வதியம்மாள், "நீங்க என்னைக்காவது கேட்டியளா?" என்றார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கிருஷ்ணவேணி ஒரு நாடாவை அவர் கையில் கொடுத்தாள்.

தாணுவின் வயலில் பாதிதான் கட்டி ஆகியிருக்கிறது. மீதியையும் அவர்கள் கட்டுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு வேதக்கோயில் விட்டு வந்ததும் எழுதுவேன்.