அப்பா காய்ச்சும் கசாயம்

3 மார்ச் 2024, ஞாயிறு

தலவாக்கலையில் இறங்கி, அம்மா அப்பா இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடிவிட்டது. பாதத்துப் புண் ஆறவே இல்லை. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாராம்! அப்பாதான் தினமும், சீனிக்குக் கைகண்ட மூலிகை என்று கொத்தல ஹிம்புட்டுக் கொடியை வெட்டிவந்து கசாயம் காய்ச்சிக் கொடுக்கிறார்.

"மலையோரத்துலயே மருந்து கெடைக்குது, எதுக்கு புள்ள மாத்திர?"

அது கொத்தல ஹிம்புட்டுதானா? கண்டி ஆய்வுகூடத்தில் எனக்கு வேலையே இதுதான் — டி.என்.ஏ. மார்க்கரை வைத்து, மூலிகை எந்த இனம் என்று பார்ப்பது. காய்ந்த இலை கொஞ்சம் கேட்டேன். அப்பாவுக்கு ஒரே பெருமை. ஒரு டின்னில் அடைத்துத் தந்தார்.

7 மார்ச்

முடிவு வந்தது. தேயிலை!

ஆய்வுகூடப் பொறுப்பாளர் குணபூசணி மிஸ் சிரித்துவிட்டார். "என்ன நிலக்ஷி, அப்பா தேத்தண்ணியோ காய்ச்சிக் குடுக்கிறார்?"

அப்பாவுக்கு போன் எடுத்தேன். காலித் தேயிலைத்தூள் டின்னில் போட்டிருக்கிறார். "நல்லாத் தட்டிட்டுத்தான் போட்டேன் புள்ள." எங்கள் வீட்டில் தேயிலை ஒட்டாத டின் எங்கே இருக்கிறது? பார்க்காமல் வாங்கி வந்தது என் பிழை. இனி வேறு இலை எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும். அம்மாவின் புண் அதுவரை பொறுக்குமா?

10 மார்ச்

மறுபடி தோட்டத்துக்குப் போய், நானே இலை பறித்துப் புதுக் கடதாசி உறையில் போட்டேன். அப்பா கொடியை வளைத்துப் பிடித்துக்கொண்டார்.

14 மார்ச்

கொத்தல ஹிம்புட்டு இல்லை. ஏதோ காட்டுக்கொடி. நஞ்சில்லை, சீனிக்கு மருந்துமில்லை என்றார் மிஸ்.

இத அப்பாக்கிட்ட எப்புடிச் சொல்வேன்? அந்த மொகத்தப் பாத்து?

17 மார்ச், ஞாயிறு

மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் உடுப்புத் துவைக்கும்போது அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவர் திடுக்கிடவே இல்லை.

"கொழுந்து எடுக்கையில காலு காந்துதே, கசாயம் கேக்கலன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணம் கட்டுனதுல இருந்து எனக்காக ஒங்கப்பா அடுப்பு மூட்டுனது இதுக்கு மட்டுந்தான். வேணாம்னு எப்புடிச் சொல்ல?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "காலையே எடுத்துருவாங்கம்மா!"

அம்மா துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். "அப்ப மாத்திரையும் அவரு கையாலயே குடுக்கச் சொல்லு."

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். கொடி வேறு என்பதையும் சொன்னேன். கொதித்த கசாயத்தை அடுப்பிலிருந்து இறக்கினார். "வேற கொடியா..." என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த முகம்தான்.

29 ஏப்ரல், திங்கள்

நேற்று வந்து தங்கினேன். கிளினிக்கில் சீனி குறைந்திருக்கிறது என்றார்களாம். புண் மூடிப் புதுத் தோல் வந்திருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

விடியலில் அப்பா அடுப்பு மூட்டினார். வெந்நீரை அதே கசாயக் கோப்பையில் ஊற்றினார். மாத்திரையை என்னிடம் நீட்டினார். "இதையும் ஒருக்கா சோதிச்சுப் பாத்துர்றியா புள்ள?"

"தேயிலத்தூளு டின்னுல போடலதானப்பா?"

அம்மாதான் அதிகம் சிரித்தார். பிறகு மாத்திரையைப் போட்டு, கசாயம் குடிப்பது போலவே முகத்தைச் சுளித்துக்கொண்டு வெந்நீரைக் குடித்தார்.

"முழுங்கிட்டியா?" என்று கேட்டு, அம்மா தலையாட்டிய பிறகுதான் அப்பா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்பட்டார்.