மாமியார் வாயை மூடிய நாள்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

சுரங்கத்துக்குள் காற்றை அனுப்பும் நீராவி எந்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார்; ஓயாமல் முணுமுணுக்கும். நேற்று திடீரென்று வாயை மூடிக்கொண்டது. விளக்குகள் மங்கின. தட்டுத்தடுமாறி மேலே ஏறிவிட்டோம், பயப்பட ஒன்றுமில்லை.

கரி விலை ஏறியதால், அந்த எந்திரத்துக்கான கரியையும் முதலாளி ஆகாயக் கப்பல்காரர்களுக்கு விற்றுவிட்டாராம். மேஸ்திரி சொன்னார்: "விலை இறங்குற வரைக்கும் அதுக்குப் பாதிக் கரிதான். மூச்சைக் கொஞ்சம் பாத்து விடுங்கப்பா."

யாரும் சிரிக்கவில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பு. அம்மாவிடம், அதுதான் உன் மாமியாரிடம், இதைச் சொல்லாதே. அவளுடைய முணுமுணுப்பைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. அங்கே கரி விலை இறங்கினால் உடனே எழுது, இங்கே எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

சங்கு ஊதிவிட்டது. இறங்குகிறேன்.